அப்பா செய்த தாழ்ப்பாள்

லாட்ஜ் குளியலறையில் சந்தன சோப்புக் கையோடு பளபளப்பான குமிழைத் திருகித் திருகி, கதவு திறக்காமல், ஐம்பது வயதில் நான் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டிச் சாகப்போகிறேன் என்று தோன்றியது. தலைக்கு மேலே ஜன்னல் திறந்துதான் இருந்தது.

காரைக்கால் வீட்டுக் குளியலறையில் ஏழு வயதிலும் இதே வாசனைக்குள்தான் கதறினேன். உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடிக்கிறதென்று அப்பா தானே யோசித்துச் செய்வித்த பித்தளைத் தாழ்ப்பாள் அது. கதவைச் சாத்தினால் தானே விழும். திறக்க வழவழப்பான குமிழைத் தூக்க வேண்டும்.

"வழுக்குதுப்பா."

"மாடு கூடத் திறக்கும். தூக்குடா."

கடைசியில் அப்பா கூரையில்லாத சுவரேறி உள்ளே குதித்து, காய்ந்த கையால் ஒரே தூக்கில் திறந்து, என் முதுகிலும் ஒன்று வைத்தார்.

அம்மா அவர் கைகளில் சோப்பைத் தேய்த்தாள். "இப்ப உள்ள போயி, சாத்திட்டுத் திறங்க. அப்புறம் புள்ளைய அடிக்கலாம்."

வீம்புக்குப் போனார். சற்று நேரத்தில் உள்ளிருந்து வசவு கேட்டது.

"ஏய், திறடி."

"மாடு கூடத் திறக்குமே," என்று அம்மா மீன் அலசப் போய்விட்டாள்.

அப்பா மறுபடி சுவரேறி வந்தார். சாயங்காலம் குமிழில் பட்டினச்சேரி மீனவர் வலைக்கயிறு ஒரு வளையமாகத் தொங்கியது. ஒரு வாரம் அவர் அம்மாவோடு பேசவில்லை.

சத்தம் கேட்டு வந்த லாட்ஜ் மேனேஜர் மாற்றுச் சாவி போட்டுத் திறந்தார். "எல்லாரும் திறக்குறாங்களே சார்."

துண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவரிடம் சோப்பை நீட்டினேன்.