வாவிக்குள் குவாண்டம், வாசலில் கையெழுத்து

சென்ற சனிக்கிழமை கல்லடியில் ஒரு கூட்டம். வாவிக்குள் குவாண்டம் சென்சர் இறக்கப் போகிறார்களாம். மச்சான் தவராசாவோடு போனேன். வாவியில் நண்டு பிடித்துத்தான் அவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

நம்ம ஊர்க் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே? சுனாமிக்குப் பிறகு நிவாரணக் கூட்டங்களில் வந்த பழக்கம். வாசலில் கையெழுத்து வை, ரோல்ஸும் வாழைப்பழமும் வைத்த சாப்பாட்டுப் பார்சலை வாங்கு, ஃபேனுக்குக் கீழே கதிரையைப் பிடி. தாளில் என்ன எழுதியிருக்கிறது? யார் பார்த்தது... ரோல்ஸ் ஆறிவிடுமே!

ஆராய்ச்சிக்காரர் கொழும்பிலிருந்து வந்த இளைஞர். நல்ல பிள்ளை. அணுக்களை வைத்துச் செய்த சென்சராம். சேற்றுக்குள் எந்த உலோகம் கிடந்தாலும் காட்டிக்கொடுக்குமாம். கை தட்டினோம். பிறகுதான் மெதுவாகச் சொன்னார் — என்ஜின் ஓடினால் அளவு குழம்பும், அதனால் மூன்று மாதம் அந்தப் பக்கம் படகு வரக் கூடாது.

மச்சான் எழும்பினார்.

"மூணு மாசம் நாங்க என்னத்தத் தின்னுற மனே?"

"ஐயா, எல்லாரும் சம்மதிச்சிட்டீங்களே. கையெழுத்து இருக்கு."

தாளைத் தூக்கிக் காட்டினார். மேலே ஆங்கிலம், எறும்பு வரிசை மாதிரி. திட்டத்துக்கு முழுச் சம்மதமாம்!

"அடேய், அது ரோல்ஸுக்கு வச்ச கையெழுத்து!"

மண்டபம் சிரித்தது. அதைச் சொன்ன மச்சான் சிரிக்கவில்லை.

"சேத்துக்குள்ள என்னவும் கண்டா முதல்ல ஆருக்குச் சொல்லுவீங்க? எங்களுக்கா?"

"அது... காசு தாற நிறுவனத்துக்கு."

"அவங்க வந்து தோண்டினா?"

"அது எங்கட ஆராய்ச்சிக்குள்ள வராது, ஐயா."

வராதாம்! அணுவுக்குள் புகுந்து பார்க்கிற அறிவுக்கு, முன்னால் நிற்கிறவனின் சோற்றுப்பானை தெரியாதாம். இவ்வளவு நுட்பமான கருவி செய்தவர்களுக்கு ஒரு பக்கம் தமிழில் அச்சடிக்க முடியாதா? இதற்கு என்ன விஞ்ஞானம் வேண்டும்?

மச்சான் கடித்த ரோல்ஸைப் பார்சலோடு மேசையில் வைத்தார். "இந்தா, பாதி கிடக்கு. என்ட பேர வெட்டு."

அவ்வளவுதான். எல்லோரும் வரிசை கட்டினார்கள். மேசையில் பார்சல் குவிந்தது. ஒரு மாமி வாழைப்பழத் தோலை நீட்டினார்.

"பழம் உள்ள போயித்து மனே. தோலப் புடி, பேர வெட்டு."

பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. தமிழில் படிவம் எழுதி வருகிறேன், எந்த நேரத்தில் அளப்பது என்று உங்களிடமே கேட்கிறேன் என்றார். பேனையை எடுத்து, மேலிருந்து ஒவ்வொரு பெயராக உரக்க வாசித்து வெட்டத் தொடங்கினார்.

முதல் பெயர் என்னுடையது. வந்திருந்த ஊர்க்காரரில் அந்த ஆங்கிலத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே மடையன்!