அகல்யாவின் போனில் இருந்த தண்ணீர்த் தொட்டி

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அடுக்குமாடிக்கு அகல்யா குடிவந்தபோது, மாடித் தொட்டி நிரம்பி வழிவதும் அதற்காகச் சண்டை நடப்பதும் அங்கே அன்றாட வழக்கம். மோட்டார் சுவிட்ச் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதைப் போடுவதும் நிறுத்துவதும் தரைத்தளத்து வேம்புலியம்மாள். கட்டடம் எழும்புவதற்கு முன் அங்கே கீரை பயிரிட்ட குடும்பம் அவருடையது. நிலத்தை பில்டருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு இரண்டு வீடு வாங்கிக்கொண்டவர்கள். டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மோட்டார் மறந்துவிடும்.

அகல்யா போளூர் பக்கத்துக்காரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. கோணலாக ஒன்றைப் பார்த்தால் நேராக்காமல் தூக்கம் வராது. ஆன்லைனில் தேடி ஒரு கருவி வாங்கி மாட்டினாள். தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று போனில் தெரியும். எங்கிருந்தும் மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். தண்ணீர் வழிவது நின்றது, சண்டையும் ஓய்ந்தது. எல்லோரும் வாயாரப் பாராட்டினார்கள்.

பாராட்டு கொஞ்ச நாளில் வேலையாக மாறியது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அகல்யாவுக்கு போன். குழாயில் காற்று வந்தால் அகல்யாவுக்கு போன். இரண்டாம் மாடி ஜெகதீஷிடம், "அந்த ஆப்பை உங்க போன்லயும் போட்டுக்கங்களேன்" என்றாள்.

"ஐயோ, உங்களுக்குத்தாங்க அது நல்லா பழக்கம்" என்று அவர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அவள் அம்மாவுக்கு வேலூரில் கண் ஆபரேஷன் நடந்தபோது, தியேட்டர் வாசலில் நின்றபடி மோட்டார் போட்டாள். டாக்டர் வெளியே வந்து பேசியதில் பாதி அவள் காதில் விழவில்லை. ஜவ்வாது மலைக்குப் போகலாம் என்று கணவன் பிரசன்னா கூப்பிட்டபோது, "அங்க சிக்னல் இருக்காதே" என்றாள். தானே கேட்டு வாங்கிக்கொண்டது, யாரிடம் முறையிடுவது?

போன ஆண்டு, கருவியை விற்ற கம்பெனியிடமிருந்து மெயில் வந்தது. மாதக் கடைசியோடு சேவையை நிறுத்துகிறார்களாம். அதன் பிறகு ஆப் வேலை செய்யாது. கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்தாள். வேறு கருவி தேட ஆரம்பித்தாள். எதையும் முடிவு செய்வதற்குள், சொன்ன தேதிக்கு முன்பே ஒருநாள் அது நின்றுவிட்டது.

அன்று மத்தியானம் ஆபீசிலிருந்து மோட்டாரைப் போட்டிருந்தாள். நிறுத்தப் போனபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. தொட்டி வழிவது கண்முன்னால் வந்தது. பதறிப்போய் வேம்புலியம்மாளுக்கு போன் செய்தாள்.

"அம்மா, மோட்டார் ஓடுது. என்னால நிறுத்த முடியல. மெயினை ஆஃப் பண்றீங்களா?"

"அப்பவே பண்ட்டேன்மா. மேலேர்ந்து தண்ணி கொட்டுது, எனுக்கு கண்ணு தெரியாதா? நீ வேலைய பாரு."

போனை வைத்துவிட்டு அகல்யா அப்படியே உட்கார்ந்திருந்தாள். பதற்றம் இறங்கிய இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இனி போனில் தொட்டி இல்லை. நினைக்கவே தோள் இலேசானது.

சாயந்திரம் பார்க்கிங்கில் எல்லோரும் கூடினார்கள். ஜெகதீஷ்தான் தொடங்கினார். "வேற பிராண்ட் வாங்கிடலாம். செலவ எல்லாரும் பிரிச்சுக்கலாம்."

"வாங்கலாங்க. ஆனா என் போன்ல வேண்டாம்" என்றாள் அகல்யா.

யார் போனில் என்ற கேள்வி அங்கேயே நின்றது. ஜெகதீஷ் தன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

வேம்புலியம்மாள் படியில் உட்கார்ந்திருந்தார். "சுவிச்சு இன்னா ஓடியா பூட்ச்சு? அங்கியே தான கீது. ஒயர மாத்தி குடுக்க சொல்லு, நான் போடறேன்."

"மறுபடியும் வழிஞ்சா?" என்று ஒருவர் இழுத்தார்.

"தொட்டில மெதக்கற சுவிட்ச் போட்டுட்டா ரொம்புன ஒடனே தானா நின்னுடும். அதுக்கு நெட்டெல்லாம் வேணாம்" என்றான் பிரசன்னா. ஜெகதீஷுக்கும் அது சரியென்று பட்டது. போடுவதற்கு வேம்புலியம்மாள், அவர் ஊரில் இல்லாத நாளில் கீழே போகிறவர் யாரோ அவர் என்று முடிவானது.

மற்றவர்கள் கலைந்த பிறகு வேம்புலியம்மாள் அகல்யாவைக் கூப்பிட்டார். "நீ அந்த மிசின மாட்டசொல்ல எனுக்கு கோவம்தான். என்னிய ஒரு வார்த்த கேக்கல பாரு. ஆனா அப்பறம் நீ அந்த போன வச்சிகினு படற பாட்ட பாத்து பாவமா பூட்ச்சு."

"கேட்டிருக்கணும்மா" என்றாள் அகல்யா.

"வுடு. நல்லதுக்குதான் செஞ்ச."

கருவியில் சில வசதிகள் இருந்தன. அவை போனது போனதுதான். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு என்று இப்போது மூடியைத் திறந்து குனிந்துதான் பார்க்க வேண்டும். மழை நாளில் அது எரிச்சல்தான். அகல்யா அதை ஒப்புக்கொள்கிறாள்.

பொங்கல் விடுமுறையில் இருவரும் ஜவ்வாது மலைக்குப் போனார்கள். இரண்டாம் நாள் காலையில் பிரசன்னா கேட்டான். "ஊட்ல தண்ணி வருதான்னு யாருக்காச்சும் போன் பண்ணிப் பாக்கறியா?"

"வராட்டி போட்டுப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மறுபடியும் தூங்கினாள்.