பின்கதவு திறந்த கேமரா

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு விண்ணப்பமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பும் கடிதமும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறந்து பேசவே எனக்கு வராது. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கேமராவைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் சுங்கை சோ பக்கம் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். காலையிலிருந்து மாலை வரை மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இணைப்பது என் வேலை. ரவாங்கில் நாலு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு இருந்தோம். சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்து கோல சிலாங்கூரில் எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வந்துவிடுவேன்.

அந்த வருடம் போனஸில் ஒரு சின்ன கேமரா வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். இரண்டு சின்ன பேட்டரி போட்டால் பிளாஷ் தானே எரியும், பிலிமும் தானே சுற்றிக்கொள்ளும். பிலிமை வைத்துப் பின்கதவை மூடினால், உள்ளே மோட்டார் நெடுநேரம் ஓடிவிட்டு நிற்கும். புது மாடல், அதனால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அதில் பிடித்தது வேறு. கேமராவைக் கையில் வைத்திருப்பவளை யாரும் "நீயும் வந்து நில்லு" என்று கூப்பிட மாட்டார்கள்.

அக்காவின் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலையில் வேலைக்குப் போன அம்மா சாக்கடைக்குக் குறுக்கே போட்டிருந்த பலகையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுக்க வைத்துவிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு அசையக்கூடாது என்றார் டாக்டர்.

கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை. "குறிச்ச நாள மாத்தாதீங்க. அவங்க வீட்டுல என்ன நெனப்பாங்க?" என்றார். மாப்பிள்ளை வீடு பத்தாங் காலியில். அவர்களும் நல்லவர்கள், ஆடம்பரம் வேண்டாம், தோட்டத்துக் கோயிலிலேயே முடிக்கலாம் என்றார்கள். டவுனிலிருந்து வரவேண்டிய போட்டோக்காரரையும் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் படம் புடிக்கணும், தெரியுதா?"

"சரிம்மா."

"ஊருல உள்ளவங்கள எல்லாம் நிக்க வச்சிப் புடிக்காத. தாலி கட்டறப்போ அவ மூஞ்சி எப்படி இருந்துச்சின்னு மட்டும் எனக்குக் காட்டிடு. அது போதும்."

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கல்யாணம். கோயிலுக்குள்ளே இருட்டு. ஒவ்வொரு படத்துக்கும் பிளாஷ் தேவைப்பட்டது. மாலை மாற்றியது, அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருந்தது எல்லாம் எடுத்தேன். தாலி கட்டும்போது ஐயர் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டேன். அம்மா கேட்டது அந்த ஒரு நிமிடம்தான் என்பதால் மூன்று முறை அழுத்தினேன். அக்கா அப்போது கண்ணை மூடவில்லை, அழவில்லை. எதையோ தேடுகிற மாதிரி கூட்டத்தைப் பார்த்தாள்.

கோயிலை விட்டு வெளியே வந்தபோது பிளாஷ் களைத்துவிட்டது. தயார் என்று காட்டும் சின்ன சிவப்பு விளக்கு எரிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. பிறகு எரியவே இல்லை. அதற்குள் சாப்பாட்டுப் பந்தி ஆரம்பித்துவிட்டது. பெண் வீட்டுப் பிள்ளை நான். பரிமாறப் போக வேண்டும். கேமராவை அப்பாவிடம் கொடுத்தேன்.

"பத்திரமா வச்சிருங்கப்பா. பேட்டரி வீக்காயிடுச்சி."

"அவ்வளவுதானே! நான் பாத்துக்கறேன், நீ போ."

அப்பா பால்மரம் வெட்டுகிறவர், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போவார். பேட்டரி மங்கினால் அதைத் தகரக் கூரைமேல் வைத்து நன்றாக வெயில் காட்டுவார். அடுத்த இரண்டு நாளைக்கு மறுபடியும் எரியும். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். மதியத்தில் வரிசையாகக் கூரையில் பேட்டரிகள் காய்ந்துகொண்டிருக்கும்.

நான் இரண்டாவது பந்திக்கு ரசம் ஊற்றிவிட்டு வாளியோடு வெளியே வந்தேன். கொட்டகைக்குப் பின்னால், நல்ல உச்சி வெயிலில், அப்பா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கேமரா. பின்கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் பிலிம் நீட்டிக்கொண்டு பளபளவென்று கிடந்தது.

"இதுல எங்கம்மா வச்சிருக்கான் பேட்டரிய? மொதல்ல இந்தக் கதவத் தொறந்து பாத்தேன், இல்ல. அப்புறம் கீழ ஒரு மூடி இருந்துச்சி. எடுத்து வெயில்ல வச்சிட்டேன். இதுவும் கொஞ்சம் காத்தாடட்டும்னு தொறந்தே வச்சிருக்கேன்."

எனக்குக் கேமராவைப் பற்றித் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் பிலிமில் வெளிச்சம் பட்டால் எல்லாம் போய்விடும் என்று தெரியும். வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பொண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்க, ஒற்றை ஆளாக நின்று மகளைக் கொடுத்த மனிதர். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உதவி செய்துவிட்டோம் என்ற சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது.

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிப் பின்கதவை மூடினேன்.

பேட்டரி இல்லாமல் கதவை மூடியதாலோ என்னவோ, சூடேறிய பேட்டரியைப் போட்டதும் மோட்டார் ஓடவில்லை, சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அப்பா கை தட்டினார். "பாத்தியா! சொன்னேன்லா!"

அதற்குப் பிறகு நான் செய்ததை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. போட்டோ எடுக்கிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்து வரிசையாக நின்றார்கள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் சொல்வது? ஒன்றும் பதியாது என்று தெரிந்தே அழுத்திக்கொண்டிருந்தேன். பெரியப்பா கடன் வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை நின்றார். "இந்தப் பக்க மூஞ்சிதான் நல்லாருக்கும், இப்படி எடு" என்று திரும்பித் திரும்பி நின்றார். ஒவ்வொரு முறையும் பிளாஷ் பளிச்சென்று எரிந்தது. அது எரியும்போதெல்லாம் ஒரு பொய் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று மாலையே அக்காவும் மாப்பிள்ளையும் பத்தாங் காலிக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கி அம்மாவிடம் ஆசீர்வாதம் வாங்கினார்கள். அம்மா அக்காவின் கழுத்துத் தாலியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடப் போயிருந்த என்னைத் தேடினார்.

"புடிச்சியா?"

"புடிச்சேம்மா. கழுவக் குடுக்கணும்."

அந்த வாரம் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ஒழுங்காக எதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு முறை கம்பியைத் தப்பான புள்ளியில் வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து, "என்ன, அக்காவுக்குக் கல்யாணமா, உனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்த பெண்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவைத்தானே குறை சொல்வார்கள்.

பிலிம் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் கேமராவைக் கையில் எடுத்தேன். பிறகு, அம்மாவிடம் உண்மையைச் சொல்வதற்கு முன் கடையில் ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. சனிக்கிழமை வேலை விட்டதும், கேமராவைச் சோற்றுப் பையில் போட்டுக்கொண்டு ரவாங்கில் அதை வாங்கிய கடைக்குப் போனேன்.

கடை நடத்துவது ஒரு சீன அம்மா. தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். நான் கேமராவை மேசைமேல் வைத்ததுமே வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது.

"தங்கச்சி, ஏன் அழுவுது? கேமரா கெட்டுப் போச்சா?"

"அப்பா தெரியாம கதவத் தொறந்துட்டாரு. வெயில்ல. கல்யாணப் படம்."

"எவ்ளோ நேரம்?"

"கால் மணி நேரம் இருக்கும்."

அவர் "அய்யோ" என்றார். பிறகு கேமராவைத் திருப்பிப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"இந்த மாடலா? தங்கச்சி, படம் எடுத்தா மேல நம்பர் கூடுதா, கொறையுதா?"

"கொறையுது."

"அப்ப ஏன் அழுவுது லா!"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காலிப் பிலிம் டப்பாவை எடுத்துக் காட்டி, பொறுமையாக விளக்கினார். மற்றக் கேமராக்களில் பிலிம் ஒவ்வொரு படமாக டப்பாவை விட்டு வெளியே வரும். கடைசியில் மொத்தமாக உள்ளே சுற்றும். இதில் தலைகீழ். கதவை மூடியதும் மோட்டார் பிலிம் முழுவதையும் முதலிலேயே வெளியே இழுத்துவிடும். எடுத்து முடித்த படம் ஒவ்வொன்றும் டப்பாவுக்குள்ளே திரும்பிப் போய்விடும்.

"எடுத்த படம் உள்ள, டப்பா உள்ள, இருட்டுல. வெளிய வெயில் பட்டது எல்லாம் எடுக்காத படம். புரியுதா? உங்க அப்பா காலி பிலிம்தான் கெடுத்தாரு."

எனக்குப் புரிய நேரம் ஆனது. புரிந்ததும் உடனே நம்ப முடியவில்லை.

"தாலி கட்டுனது அதுக்கு முன்னாடிதான் எடுத்தேன்."

"அப்ப இருக்கும். நான் நெனைக்குது இருக்கும். ஆனா வெயில் பெருசு, கொஞ்சம் உள்ள பூந்திருக்கலாம். கழுவி வரட்டும். புதன்கிழமை வா."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அம்மா கேட்டபோது, "புதன்கிழமை குடுப்பாங்கம்மா" என்றேன். அது பொய்யில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

புதன்கிழமை ஷிப்டு முடிந்து ஓடினேன். அந்த அம்மா உறையை நீட்டும்போதே சிரித்தார். பத்தொன்பது படம் வந்திருந்தது. மாலை மாற்றியது இருந்தது. தாலி கட்டிய மூன்றும் இருந்தன. முதல் இரண்டில் ஐயரின் தோள் மறைத்தது. மூன்றாவதில் அக்காவின் முகம் முழுதாக, தெளிவாக இருந்தது. கடைசிப் படத்தில் மட்டும் பாதி செக்கச் செவேலென்று எரிந்திருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கடை வாசலிலேயே நின்றேன். பஸ் வந்து நின்று போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போனது. ஏறத் தோன்றவில்லை. மார்பில் பத்து நாளாக இருந்த பாரம் இறங்குவது, மூட்டையை இறக்கி வைத்த பிறகும் தோள் கொஞ்ச நேரம் வலிக்குமே, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாலி கட்டும் படத்தை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"யாரத் தேடறா இவ?"

அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. சேலைத் தலைப்பு இல்லாததால் படுக்கை விரிப்பை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மற்றப் படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உங்க அண்ணன் ஒண்ணுலயும் காணோமே? கோட்டெல்லாம் போட்டாருன்னு சொன்னீங்க?"

"அவரு மூஞ்சியக் கேமரா தாங்கல போல" என்றார் அப்பா. "இதாச்சும் வந்துச்சே, அத சொல்லு. பேட்டரி செத்துப் போச்சுன்னு இவ திருதிருன்னு முழிச்சிக்கிட்டு நின்னா. நான்தான் வெயில்ல வச்சி உசுரு குடுத்தேன்."

"அதானே பாத்தேன்" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு தாழ்வாரத்துக்கு ஓடினேன். நர்ஸ் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். அம்மா அந்தப் படங்களை வார்டில் கட்டில் கட்டிலாகக் கொடுத்தனுப்பி எல்லாருக்கும் காட்டினாராம். ஒரு படத்தில் குழம்பு சிந்திவிட்டது.