தேவசேனாவின் இடது உள்ளங்கை

தேவசேனா எங்கள் கீபோர்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து தன்னுடையதை எடுத்துச் செருகுகிறார். எங்களுடையதன் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. மாங்கூழ் ஆலையின் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் பக்கத்துப் பொத்தானும் கூடவே இறங்கும். அவ்வளவு சாறு ஊறியிருக்கிறது. பிறகு ஒரே ஒரு வரி அடிக்கிறார். திரையில் வரும் எண்ணை வாய்விட்டுப் படிக்கிறார்: "ஃபைவ் டாட் ஃபிஃப்டீன், ஒன் நாட் செவன்." படித்ததைப் பேனாவால் இடது உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறார். வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

"போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"போன் பைக்குள்ள கீது சார். கை கூடவே கீது."

அது என்ன எண் என்று நானாகத் தெரிந்துகொள்ளவில்லை, அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டருக்கு உயிர் கொடுத்ததும் முதலில் கண்விழிக்கிற மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயராம். மாதத்துக்கு ஒன்றாகப் புதிது வரும். புதிது வந்தாலும் பழையது தானாகப் போகாது. கல்யாண வீட்டில் வந்தவர்கள் யாரும் கிளம்பாமல் உட்கார்ந்திருப்பதுபோல் எல்லாம் ஒரு சின்ன இடத்துக்குள் நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த இடம் நிறைந்துவிட்டால் புதிதாக எதையும் ஏற்ற முடியாது. வேண்டாததைக் கணக்குப் பார்த்து அனுப்பி வைப்பதுதான் தேவசேனாவின் பிழைப்பு.

சொந்த ஊர் நகரி. வீட்டில் விசைத்தறி, கணவர் சுரேஷ்பாபு அதைப் பார்த்துக்கொள்கிறார். தேவசேனாவுக்கு வேலை திருப்பதியில் ஒரு சின்ன கம்பெனியில். லாட்ஜ், கல்லூரி, எங்களைப் போன்ற ஆலை என்று சித்தூர் வரைக்கும் பஸ்ஸிலேயே சுற்றுவார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சுழல் நாற்காலியில் உட்கார மாட்டார், பிளாஸ்டிக் ஸ்டூல்தான். மனிதர்களிடம் தமிழ், மெஷினிடம் தெலுங்கு. "ரா ரா, தொரகா ரா" என்று, சீக்கிரம் வரச்சொல்லித் திரையைப் பார்த்து அதட்டுவதைக் கேட்டிருக்கிறேன். நம்மிடம் அந்த அதட்டலில் கால் பங்குகூடக் கிடையாது.

பழையதை நீக்கும்போது பேக்கேஜ் மேனேஜர், அதாவது மென்பொருளை ஏற்றி இறக்குகிற நிரல், இன்னின்னதை எடுக்கப்போகிறேன், சரியா என்று கேட்கும். நானாக இருந்தால் 'சரி' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். தேவசேனா கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிடுவார். ஒவ்வொரு பெயரையும் உள்ளங்கை எண்ணோடு வைத்துப் பார்ப்பார். ஓடுவது ஒன்று, ஆபத்துக்கு முந்தையது ஒன்று, இரண்டும் இருந்தே ஆக வேண்டும். "ஓடிக்கினு கீறத மட்டும் தொடக்கூடாது சார். மீதி எது போனாலும் பாத்துக்கலாம்."

அப்படிப்பட்டவரே போன சீசனில் ஓடிக்கொண்டிருந்ததைத் தொட்டுவிட்டார்.

தோத்தாபுரி மாங்காய் குவியும் மாதம். சித்தூர்–புத்தூர் சாலையில் எங்கள் கேட்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும் டிராக்டர்கள் நின்றன. டோக்கன் தருவதும் எடைமேடையும் ஒரே சர்வரில்தான் ஓடுகின்றன. எடைமேடைக்குப் பொறுப்பு நான். அந்த வாரம் எந்த அப்டேட்டும் ஏறாமல் அடம்பிடிக்க, திருப்பதிக்குப் போன் போட்டேன். தேவசேனா வந்து பார்த்துவிட்டு, "ரொம்பிப் போச்சு சார்" என்றார். புதுக் கெர்னல் பாதி ஏறி நின்றிருந்தது. அந்த அளவுக்கு நிறைந்துவிட்டால் பேக்கேஜ் மேனேஜரே நகராதாம். பழைய கோப்பு ஒன்றிரண்டைக் கையாலேயே எடுத்துப் போட்டு முதலில் இடம் பண்ண வேண்டும். கையால் எடுக்கும்போது, சரியா என்று கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மாள் வந்து நின்றார். புத்தூர்ப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்; மேடைக்குத் தன் டிராக்டரின் முறை வரவேண்டிக் காத்திருந்தார். கம்பிக்குள் கையை விட்டு மாங்காய்ப் பத்தைகளை நீட்டினார். உப்பும் மிளகாய்த்தூளும் தடவியிருந்தது.

"இந்தா பாப்பா, துன்னு. காலைலருந்து பொட்டியவே மொறைச்சிக்கினு கீற."

தேவசேனா வாங்கித் தின்றார். சாறு முழங்கை வரை வழிந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாறோடு எண்ணும் போய்விட்டது. மெஷினைத் திரும்பக் கேட்டிருந்தால் ஒரே வரி. வெளியே ஹாரன் சத்தம், நானும் பின்னால் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தேன். நினைவை நம்பி அழித்தார்.

அழித்த பிறகுதான் அந்த ஒரு வரியை அடித்தார். திரையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஓடிக்கினு கீற கெர்னலையே எட்த்துட்டேன் சார். அதுக்கு முந்தினதும் கூடவே போச்சு. புதுசு பாதிதான் ஏறிக்கீது. இப்ப கரெண்ட் ஒரு தபா போய் வந்தா இது எழுந்துக்காது."

"இப்போது ஓடுகிறதே?"

"நிக்கிற வரைக்கும் ஓடும்."

சர்வரின் யுபிஎஸ் பேட்டரி போன வருடமே செத்துவிட்டது. ஜெனரேட்டருக்கு மாற்றினாலும் ஒரு கணம் கரண்ட் போய்த்தான் வரும். அது போதாதென்று, கூழ் பிழியும் இரண்டாவது மெஷினைப் போடும்போதெல்லாம் விளக்குகள் ஒருமுறை அணைந்து எரியும். மானேஜர் எத்திராஜ் அதைப் போடத்தான் உள்ளே போயிருந்தார். சர்வர் படுத்தால் எடைமேடையும் படுத்துவிடும். அந்த வெயிலில் மறுநாள் வரை நின்றால் டிராக்டரில் இருப்பது காயாக இருக்காது.

"சர்வரில் சின்ன வேலை, கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிடலாம்" என்றேன். தேவசேனா எழுந்து நேராக எத்திராஜிடம் போனார். பின்னாலேயே ஓடினேன். என்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் அவரிடமும் சொன்னார்.

எத்திராஜின் கை சுவிட்ச் பெட்டியில் இருந்தது. "தப்பு யார்து?"

"என்னுதுதாங்க."

"எவ்ளோ நேரம்?"

"எட்த்தத திரும்ப டவுன்லோட் பண்ணி ஏத்தணும். நெட்டு இழுக்குது. அது வரைக்கும் எதியும் போடாதீங்க."

எத்திராஜ் கத்துகிற ஆள். அன்று கத்தவில்லை. கையை எடுத்துக்கொண்டு, "சரே. ஆனா கேட்ல நீயே போய் சொல்லு. நான் சொல்லமாட்டேன்" என்றார்.

தேவசேனா சிக்னலுக்காகப் போனைக் கம்பி ஜன்னலில் கட்டி, அதன் நெட்டில் டவுன்லோடைத் தொடங்கிவிட்டுக் கேட்டுக்குப் போனார். வெயிலில் நின்றவர்களிடம், தன்னால்தான் தாமதம், உள்ளே கூழ் மெஷின் போடவில்லை, வரிசை மெதுவாகத்தான் நகரும் என்று சொன்னார். ஒருவர் தெலுங்கில் நன்றாகவே திட்டினார். கன்னியம்மாள், "காய் வேவுதேம்மா" என்றார், அவ்வளவுதான். உன் பத்தையைத் தின்று கை கழுவியதில் வந்த வினை என்று தேவசேனா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஒருவழியாக எல்லாம் இறங்கி ஏறியது. நான் மூச்சுவிட்டேன். தேவசேனா, மேடையில் நிற்கும் வண்டியை அனுப்பிவிட்டு சர்வரை ஒருமுறை நிறுத்திப் போட வேண்டும் என்றார்.

"அதான் ஓடுதே, ஏன் மறுபடி நோண்டற?" என்றார் எத்திராஜ்.

"ஓடுதுன்னு தெரியும். எழுந்துக்குமான்னு தெரியாதுங்க. நான் இங்க இருக்கும்போதே தெரியட்டும்."

திரை கறுத்தது. தேவசேனா இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, வகுப்பில் அடி வாங்கக் காத்திருக்கும் பிள்ளைபோல் உட்கார்ந்திருந்தார். தெலுங்கும் இல்லை, தமிழும் இல்லை. எத்திராஜ் அறையைவிட்டு வெளியே போய்விட்டார், பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. பிறகு எழுத்துகள் மளமளவென்று ஏறின. எடைமேடையின் சிவப்பு எண்கள் திரும்பி வந்தன. தேவசேனா கைகளை வெளியே எடுத்தார்.

கன்னியம்மாளின் முறை வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அடியில் இருந்த காய்கள் வெந்துபோயிருந்தன. நகரி பஸ்ஸை விட்டுவிட்டு, தேவசேனா டிராக்டரில் ஏறி நல்லதையும் கெட்டதையும் அவரோடு சேர்ந்து பொறுக்கினார். பத்தையின் கதையைக் கன்னியம்மாளிடம் பிறகு சொன்னவன் நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

இந்த சீசனுக்கும் தேவசேனா வந்திருக்கிறார். யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வந்துவிட்டது. ஆனால் எண்ணை எழுதிய பிறகு இப்போதெல்லாம் எதையும் வாங்கித் தின்பதில்லை. டீகூட வேண்டாம் என்கிறார். எத்திராஜே பழம் நீட்டினாலும் இடது கையை மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிடுகிறார். பேக்கேஜ் மேனேஜர் வழக்கமான கேள்வியைக் கேட்டு நிற்கிறது. அவர் உள்ளங்கையையும் திரையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஜன்னலுக்கு வெளியே கன்னியம்மாள். கையில் உப்பும் காரமும் தடவிய பத்தை.

"வேணாம்மா, வேலையில கீறேன்" என்றார் தேவசேனா, திரும்பாமலே.

"தெரியும், தெரியும். கைய நனைக்கக்கூடாது, அவ்ளோதானே? வாயத் தொற."

எண் எழுதிய கையைத் திரைக்கு நேராகப் பிடித்தபடியே, தேவசேனா ஜன்னல் பக்கம் சாய்ந்து வாயைத் திறந்தார்.