முதுகுக்குப் பின்னால் வந்த வண்டி

ஆரம்பாக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி வடகரை மோட்டார்ஸ் என்றொரு ஷோரூம். அங்கே வண்டி விற்கும் ஜமுனாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே இருப்பாள். நடுவில் சட்டென்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பாள். பின்னால் வெறும் கண்ணாடிச் சுவர்தான் இருக்கும். வந்தவரும் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்ப்பார். "ஒன்னுமில்ல சார், நீங்க சொல்லுங்க" என்பாள். தோழி மாலா செத்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

ஜமுனா பிறந்தது தோணிரேவில். அவளுடைய நைனா பழவேற்காடு ஏரியில் இறால் பிடித்தவர். பொன்னேரியில் பி.காம். முடித்ததும், போன் எடுத்துப் பேசும் வேலைக்கு இந்த ஷோரூமில் சேர்ந்தாள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி துளசிங்கம் ஒன்றைக் கவனித்தார். மீன் ஏற்ற லோடு வண்டி வாங்க வரும் ஏரிக்கரைக்காரர்கள் டை கட்டிய பையன்களிடம் வாயே திறப்பதில்லை. நேராக ஜமுனாவின் மேஜைக்குப் போய், "நீ இன்னார் பொண்ணுதானே?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவளை விற்பனைக்கு மாற்றினார். அதற்குப் பிறகு சுண்ணாம்புக்குளம் தொடங்கிப் பழவேற்காடு வரை ஓடிய டீசல் லோடு வண்டிகளில் பாதிக்கு மேல் அவள் கையால் சாவி வாங்கிப் போனவைதான். கும்மிடிப்பூண்டியில் வேலை பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஆரம்பாக்கத்திலேயே குடியும் வந்துவிட்டாள்.

ஷோரூம் முன்னால் பளபளவென்று நின்றாலும் அதற்குச் சோறு போட்டது பின்னாலிருந்த சர்வீஸ் ஷெட்தான். புது வண்டி விற்பதில் கையில் நிற்பது சொற்பம். ஆயில் மாற்ற, பெல்ட் மாற்ற, கிளட்ச் பார்க்க என்று விற்ற வண்டி திரும்பத் திரும்ப வருமே, அதில்தான் எல்லோருக்கும் பிழைப்பு. ஷெட்டுக்குச் செங்கல்வராயன் போர்மேன். ஏதாவதொரு இன்ஜின் அங்கே எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். முன்னால் உட்கார்ந்து பேசுகிறவர்கள் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும்.

பிறகு வண்டிக் கம்பெனி பேட்டரி வண்டிகளை அனுப்பத் தொடங்கியது. டீசல் கேட்டால் காத்திருக்கச் சொன்னது. நாளாக ஆக, கேட்காதே என்றே சொல்லிவிட்டது. துளசிங்கம் வாசலில் சார்ஜ் ஏற்றும் மெஷினை நட்டார், பழைய போர்டைக் கழற்றிப் பச்சை எழுத்தில் புதிது மாட்டினார். வண்டிகள் போகத்தான் செய்தன. ஆனால் போன வண்டி திரும்பி வரவில்லை. ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, கிளட்ச் இல்லை. எப்போதாவது வந்தாலும் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, துடைத்து அனுப்ப வேண்டியதுதான். ஷெட்டிலிருந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியில் செங்கல்வராயனையும் முதலாளி கூப்பிட்டுப் பேசினார்.

வேலையை விட்டுப் போகும்போது செங்கல்வராயன் ஜமுனாவின் மேஜைப் பக்கம் வந்து நின்றார். "வண்டி மேல தப்பு சொல்ல முடியாதும்மா. நல்லாத்தான் கீது. கெட்டுப் போவவே மாட்டேங்குது. அதான் இங்க கஷ்டமே."

அவர் போன மறுநாள் ஷெட் அமைதியாக இருந்தது. பேச்சை நிறுத்தினால் தலைக்கு மேல் மின்விசிறி சுற்றுவது கேட்டது.

சர்வீஸ் வருமானம் நின்றதால் விற்பனையைக் கூட்டியாக வேண்டும் என்று துளசிங்கம் நெருக்கினார். ஜமுனா ஒரு பேட்டரி லோடு வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்டப் போனாள். தோணிரேவிலும் காட்டினாள். மீன் ஏலம் முடிந்த நேரம். கரையில் பெண்கள் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அறியாமல் பின்னாலேயே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினாள். கூடையைப் போட்டுவிட்டு அலறினவர்கள், ஜமுனாவைப் பார்த்ததும் சிரிக்கத் தொடங்கினார்கள். அதிகமாகச் சிரித்தவள் மாலா. பள்ளிக்கூடத்தில் ஜமுனாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்; இப்போது கிருஷ்ணன் என்ற மீனவரின் மனைவி; கருவாடு போட்டு விற்கிறவள்.

"பாத்தீங்களா? முதுகுக்குப் பின்னால வந்து நின்னாலும் தெரியாது. அவ்ளோ அமைதி!" என்றாள் ஜமுனா.

"அடிப்பாவி, பேய் மாதிரில்ல வருது!" என்று மாலா அவள் தோளில் அடித்தாள்.

அன்றைக்கே ஒரு வண்டி விற்றது. வாங்கியவர் தங்கவேல், ஜமுனாவுக்குப் பெரியப்பா மகன். கருவாட்டு மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிப் போகிறவர்.

அந்த ஊரில் கருவாடு காய்வது ரோட்டோரத்தில்தான். தார் சூட்டில் சீக்கிரம் காயும். பெண்கள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்து உட்கார்ந்து மீனைப் புரட்டிப் போடுவார்கள். வண்டி வரும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒதுங்கிக்கொள்வார்கள். காலம் காலமாக அப்படித்தான்.

ஒரு சாயங்காலம் தங்கவேல் மூட்டை ஏற்ற வந்தார். வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. நடக்கிற வேகத்தில்தான் வந்தார். மாலா உட்கார்ந்திருப்பது மங்கலாகத் தெரிந்தது. நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தார். வண்டி வந்தால் எல்லோரும் நகர்வார்கள்தானே. மாலா நகரவில்லை. குனிந்து காரப்பொடி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

ஜமுனாவுக்குச் செய்தி ஷோரூமில் வந்தது. ஒரு வாடிக்கையாளருக்கு வண்டியின் அருமைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அப்ப சத்தமே வராதுன்றீங்க?" என்று அவர் விட்ட இடத்திலிருந்து கேட்டார்.

சாவு வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகைக்கு நடுவே ஓர் அம்மாள் மட்டும், "சிரிச்சாளே, அன்னிக்கு எங்களோட நின்னுக்கினு சிரிச்சாளே" என்று மாரில் அடித்துக்கொண்டார். மாலா சிரித்ததைத்தான் சொன்னார். ஜமுனா அதைத் தன்னைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

தங்கவேல் மேல் கேஸ் பதிவாகி, ஜாமீனில் வந்தார். போலீஸ் வண்டியை விடுவித்தபோது அதை வீட்டுக்குக் கொண்டுபோக மறுத்துவிட்டார். "இனிமே ஸ்டீரிங்கத் தொட மாட்டேன். நீயே இன்னாவோ செஞ்சிக்கோ" என்று ஜமுனாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு பழையபடி படகில் மீன்பிடிக்கப் போனார். துளசிங்கம் அதைக் கழுவி, காலியான சர்வீஸ் ஷெட்டில் நிறுத்தி வைத்தார். விலை படிந்தால் தள்ளிவிடலாம் என்று பார்த்தார். படியவில்லை.

அன்றிலிருந்துதான் ஜமுனாவுக்கு அந்தப் பழக்கம். கழிப்பறைக்குப் போக ஷெட்டைக் கடந்துதான் போக வேண்டும். கடக்கும்போது வண்டி மெதுவாகத் தன் பின்னால் நகர்ந்து வருவதுபோல் இருக்கும். திரும்பினால் நின்ற இடத்தில் நிற்கும். சத்தம் கேட்டால் பயப்படலாம், கேட்காவிட்டால் நிம்மதியாக இருக்கலாம் என்பது மற்றவர்களுக்கு. அவளுக்கு எதுவும் கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. வீட்டில் மிக்சியை வெறுமனே ஓட விட்டுக்கொண்டு நிற்பாள். அவள் வீட்டுக்காரர் வந்து அணைத்துவிட்டு, "இன்னா ஆச்சு உனக்கு?" என்பார்.

ஒரு மத்தியானம் கிருஷ்ணன் ஷோரூமுக்கு வந்தார். துவைத்த சட்டை போட்டிருந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல் வெளியே நின்றவரை ஜமுனாதான் போய் உள்ளே அழைத்தாள். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அந்த வண்டி இங்கதான் கீதாமே?"

"ஆமாண்ணே."

"ஓடுமா?"

"ஓடும்."

"எனக்கு ஓட்டிக் காட்டு."

ஷெட்டுக்குக் கூட்டிப் போனாள். கிருஷ்ணன் வண்டியைத் தொடவில்லை. எதிர்க்கோடிக்கு நடந்து போய்ச் சுவரைப் பார்த்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், மீனைப் புரட்டுகிறவரைப் போல. "நான் திரும்ப மாட்டேன். நீ பின்னால வா" என்றார்.

"என்னால முடியாதுண்ணே."

"ஊர்ல ஓட்டிக் காட்டுனியே. எனக்கும் காட்டு."

அதற்கு மேல் அவளால் மறுக்க முடியவில்லை. ஏறி உட்கார்ந்தாள். பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக ஊர்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணனின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகியது. சட்டையின் மடிப்புகள், பிடரியில் வெயில் கறுத்த தோல், காதோரத்து நரை எல்லாம் தெரிந்தன. அந்த முதுகுக்கு எதுவுமே தெரியவில்லை. ஜமுனா பிரேக்கை மிதித்தாள். ஆள் நீளம்கூட இடைவெளி இல்லை.

கிருஷ்ணன் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "இன்னும் கெளம்பலியா?"

"வந்துட்டேண்ணே."

அவர் தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது. திரும்பினார். முகத்துக்கு நேராக வண்டியின் முகப்பு. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஜமுனா இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவ கத்தலன்னாங்க. நான் நம்பல" என்றார் கடைசியில். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு இருந்தேன். எப்படியும் கடைசில ஒரு தடவ பயந்திருப்பா, என்னைக் கூப்புட்டிருப்பா, நான் ஏரில இருந்துட்டேன்னு... வலைய இழுக்கறப்பகூட அதான் நெனப்பு. இப்போ எனக்கே தெரியலயே. அவளுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"நான்தாண்ணே சிரிச்சுக்கினே காட்டுனேன்."

"அவளுந்தான் சிரிச்சா. ஊட்டுக்கு வந்து எனக்கு நடிச்சுக்கூடக் காட்டுனா."

உன் மேல் தப்பில்லை என்று சொல்வார் என ஜமுனா காத்திருந்தாள். கிருஷ்ணன் அதைச் சொல்லவில்லை. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் வந்தது தன் பாரத்தை இறக்க, இறக்கிவிட்டார். ஜமுனாவுக்கு அன்றிலிருந்து பாரம் கூடியது. அதுவரை பின்னால் ஏதோ வருவதாகத்தான் பயம். இப்போது ஓட்டுகிறவரின் இடத்திலிருந்து அந்த முதுகையும் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவர், கடையில் வரிசையில் நிற்பவர், சமையலறையில் குனிந்திருக்கும் தன் வீட்டுக்காரர், யார் முதுகைக் கண்டாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டினால்தான் அடங்கும்.

வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். அவள் விடவில்லை. வேறொருத்தி வந்து அதே பேச்சைப் பேசுவாள் என்பதுதான் அவள் சொன்ன காரணம். பேச்சை மாற்றிக்கொண்டாள். வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்வாள்: "இது வர்றது ரோட்ல யாருக்கும் கேக்காது. அவங்க நகருவாங்கன்னு நெனைக்காதீங்க. நீங்கதான் நிக்கணும்." துளசிங்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏம்மா, விக்கறியா வெரட்டறியா?"

"இதையும் கேட்டுட்டு வாங்கறவங்க வாங்கட்டும் சார்."

சிலர் எழுந்து போனார்கள். சிலர் வாங்கினார்கள். வாங்கிய ஏரிக்கரைக்காரர்களை ஜமுனா பழவேற்காட்டுக்கு அனுப்பினாள். அங்கே செங்கல்வராயன் படகு இன்ஜின் பழுதுபார்க்கும் கடை போட்டிருந்தார். ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும்போது பாட்டுப் போடுமே, அந்த மாதிரி ஒன்றை வாங்கி, வண்டி மெதுவாகப் போகும்போதெல்லாம் ஒலிக்கும்படி மாட்டிக் கொடுத்தார். கேட்க நாராசமாக இருக்கிறது என்று கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

வடகரை மோட்டார்ஸ் பாதியாகச் சுருங்கியது. ஷெட்டை இறால் தீவனக் கம்பெனி ஒன்றுக்கு வாடகைக்கு விட்டார் துளசிங்கம். மாலாவை இடித்த வண்டியை நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வியாபாரி வாங்கிப் போனார். அதன் கதை அவருக்குத் தெரியும், ஜமுனாவே சொன்னாள். தலையசைத்துக் கேட்டுக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார்.

மாலாவின் முதல் வருஷத் திதிக்கு ஜமுனா தோணிரேவுக்குப் போனாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ரோட்டோரமாக நடந்தாள். கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லோரும் ஏரிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கை மீனைப் புரட்டியது. கண் ரோட்டில் இருந்தது. அவள் நடந்து கடக்கும் வரை அத்தனை பேரும் அவளையே பார்த்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவுமில்லை.

படையல் முடிந்து இலை போட்டார்கள். கிருஷ்ணன் தானே அவளுக்குப் பரிமாறினார். மாலாவைப் பற்றி இருவரும் பேசவில்லை. ரசம் ஊற்றும்போது கேட்டார்.

"அந்த ஷெட்ல இப்ப இன்னா வச்சிக்கிறாங்க?"

"இறால் தீவனம்ணே. மூட்டை மூட்டையா."

"எலி வருமே."

"வருது. நாள் பூரா உருட்டிக்கினே கெடக்குது."

"மருந்து வைக்கச் சொல்லு."

"சார் வைக்கலாம்னாரு. நான்தான் அந்தச் சத்தம் இருக்கட்டும்னு சொல்லி வச்சேன்" என்றாள் ஜமுனா. கிருஷ்ணன் அவள் முகத்தைப் பார்த்தார். இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.