பெரிய பூனை

சென்ற யூன் மாதம் பதினான்காம் திகதி, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. சோளகக் காற்று தெருமணலை அள்ளிக் கடைக் கண்ணாடிகளில் வீசிக்கொண்டிருந்தது. மழைக்கு அறிகுறி இல்லை. நான் மன்னார் பசாரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்று, பிள்ளைகள் கையில் ஒட்டிக்கொள்ளும் படத்தாள்களின் பின்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் பேத்தி ஜெனி. மறுநாள் அவளுக்கு ஆறு வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு வருகிற ஒன்பது பிள்ளைகளுக்கும் கையில் படம் ஒட்டுவதென்று தீர்மானித்திருந்தாள்.

இந்தப் பொறுப்பை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். கீரிக் கிராமத்தில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போன திருவிழாக் கடையில் யாரோ கறுப்பு மருதாணி என்று எதையோ பூசிவிட, முழங்கை வரை கொப்புளம் போட்டுவிட்டது. மருதாணி கறுப்பாக வராது, அது தலைமயிருக்குப் பூசும் மையின் வேலை என்று டாக்குத்தர் ஏசினாராம். அதனால் நான் கடைக்காரனிடம் கேட்டவை இவை: செய்தவர் விலாசம் எங்கே, என்ன சாயம், எத்தனை வயதுக்கு மேல், எந்தத் திகதி வரை. மூன்று தாள்களில் விலாசம் இல்லை; தள்ளி வைத்தேன். ஒன்றில் திகதி முடிந்திருந்தது. ஒன்றை மூக்கில் வைத்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் மணத்தது.

"ஐயா, இது சின்னப் பிள்ளையள் விளையாடுற சாமான். நீங்கள் பயிருக்கு அடிக்கிற பொலிடோல் வாங்குற மாதிரிப் பாக்கிறீங்கள்" என்றான் கடைக்காரன்.

"பொலிடோல் போத்தலில எல்லாம் விபரமா எழுதியிருக்கும் தம்பி. உம்மட தாளிலதான் ஒண்டுமில்ல."

அவன் உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். அதிலிருந்த தாள்களில் விலாசம் இருந்தது, சாயங்களின் பெயர் இருந்தது, மூன்று வயதுக்கு மேல் என்றிருந்தது, புண்ணிலும் கண்ணுக்கு அருகிலும் ஒட்டக்கூடாது, எண்ணெய் தடவிக் கழற்றவேண்டும் என்றும் இருந்தது. மணந்து பார்த்தேன். இனிப்பான ஒரு பசை மணம். நான் திருப்தியோடு தலையாட்டிய அந்த நேரத்தில் ஜெனி பெட்டிக்குள் கையை விட்டு ஒரு தாளை இழுத்தெடுத்தாள்.

"அப்பப்பா, எனக்குப் புலி."

நீங்கள் சிரிப்பீர்கள். நான் திரும்பிக் கடை வாசலைப் பார்த்தேன். வாசலில் ஒரு சைக்கிளைத் தவிர ஒன்றுமில்லை.

அந்தப் பசை மணம் எனக்குத் தெரிந்ததுதான். எண்பதுகளின் நடுப்பகுதியில் பபிள்கம் வாங்கினால் சுற்றுத்தாளுக்குள் ஒரு ஒட்டுப்படம் இருக்கும். எச்சிலால் நனைத்துக் கையில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பத்து வரை எண்ணினால் படம் தோலுக்கு வந்துவிடும். எச்சில் சுகாதாரக் கேடு என்று என் மகன், ஜெனியின் தகப்பன் ரெஜிக்குச் சொல்லியிருந்தேன். அப்போது அவனுக்கும் ஆறு வயது. ஒட்டுப்படத்தில் எனக்குத் தெரிந்த ஆபத்து அந்த எச்சில் மட்டும்தான்.

நான் அப்போது கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர். மனைவியின் தம்பி குடும்பம் நறுவிலிக்குளத்தில் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் நாங்கள் மூவரும் அங்கே போக பஸ் ஏறினோம். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்தடியில் ஆமியின் தடைமுகாம். எல்லோரும் இறங்கி, ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாகப் பைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கம் போய் அதே பஸ்ஸில் ஏறவேண்டும். எனக்கு முன்னால் பதினேழு பேர் நின்றபோதுதான் ரெஜி மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினான். முன்னங்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, வாயைப் பிளந்துகொண்டு முழுதாக ஒரு புலி.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் அந்த மிருகத்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் அது மிருகத்தைக் குறிக்காது. படப்புத்தகத்தில் ரெஜி அதைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் நானும் மனைவியும் "பெரிய பூனை" என்போம். பள்ளிக்கூடத்தில் என்ன சொன்னார்களோ தெரியாது, அவனுக்கு அது பெரிய பூனைதான். இதைவிடச் சிறிய காரணங்களுக்காகப் பெரியவர்களை வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு போனதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். படம் பிள்ளையின் கையில் இருந்தாலும் பதில் சொல்லவேண்டியவன் தகப்பன்.

"என்ன இது?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூனை அப்பா. பபிள்கம்முக்குள்ள வந்தது."

பெண்கள் வரிசையிலிருந்து மனைவி எட்டி, சேலைத் தலைப்பை நனைத்துத் தேய்த்தாள். வாலின் நுனி மட்டும் போனது. அவளுக்குப் பின்னால் எருக்கலம்பிட்டிப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு தகரப்பேணியோடு நின்றார். முசலிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர். அவர் ரெஜியின் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பேணியைத் திறந்தார். வாழையிலைக்குள் அரைத்த மருதோண்டி, மருதாணி விழுது. எலுமிச்சம்புளியும் பச்சிலையும் கலந்த மணம் எழுந்தது. ஒரு உருண்டை எடுத்துப் புலியின்மேல் அப்பி, உள்ளங்கையால் தட்டையாக்கினார்.

"கையை மடக்காத வாப்பா. காயட்டும்" என்றார் ரெஜியிடம்.

"ராத்தா, இது கல்யாணப் பொம்பிளைக்கு வச்சதெல்லோ?" என்றாள் மனைவி. மூத்த முஸ்லிம் பெண்களை அக்கா முறையில் அப்படித்தான் அழைப்போம்.

"பொண்ணுக்கு ரெண்டு விரல் குறைஞ்சா மாப்பிள கண்டுபிடிக்கவா போறார்? பேசாம நில்லு புள்ள."

முகாமில் நின்ற ஆமிக்காரன் ரெஜியின் கையைச் சுட்டிக் கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் பெண்கள் வரிசையிலிருந்து அவரே "மகுல் கெதர, மகுல் கெதர" என்றார், கல்யாண வீடு என்று. அவன் மூக்கைச் சுளித்துவிட்டு எங்களை அனுப்பினான்.

பஸ்ஸில் காசு நீட்டினேன். ராத்தா கையைத் தட்டிவிட்டார். "கல்யாண மருதோண்டியை விக்கிறதில்ல தம்பி." நாங்கள் நறுவிலிக்குளத்தில் இறங்கினோம், அவர் போய்விட்டார். பெயரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது பஸ் வளைவில் திரும்பிவிட்டது.

மச்சான் வீட்டுக் கிணற்றடியில் காய்ந்த மருதோண்டியைக் கழுவினோம். கூடவே எண்ணெய் போட்டுத் தேய்த்ததில் ஒட்டுப்படமும் உரிந்து வந்தது. அப்போதுதான் மருதோண்டி செய்த வேலையைப் பார்த்தோம். படத்தின் பசை இருந்த இடத்தில் மருதோண்டி ஏறவில்லை. சுற்றிவரச் செக்கச்செவேலென்று சிவந்திருக்க, நடுவில் வாய், காது, நான்கு கால், எல்லாம் வெள்ளையாக அச்செடுத்தது போல நின்றது. முந்தியதையாவது எண்ணெயால் கழற்றலாம். இது தோல் மாறினால்தான் போகும்.

"அத்தான், வரேக்க மஞ்சள், போகேக்க வெள்ளை. நீங்கள் சேர்க்கஸ் வைக்கலாம்" என்றான் மச்சான். மனைவி சிரித்தாள், பிறகு அழுதாள். திங்கட்கிழமை நான் பாலத்தைத் தாண்டிக் கந்தோரில் வேலைக்கு நிற்கவேண்டும்.

மேலே இன்னும் மருதோண்டி பூசலாமென்றால் அந்தப் பக்கம் மரம் இல்லை. பாப்பாமோட்டையில் ஒரு வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். ஊரடங்கு நேரத்தில் யார் போவது? நான் படித்தவனுக்குரிய யோசனை ஒன்று செய்தேன். பிளாஸ்டர் வாங்கி ஒட்டினேன், இரண்டு துண்டு, குறுக்காக. கையில் பிளாஸ்டர் இருந்தால் கழற்றிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு பின்னேரம் பாலத்தடியில் நின்றது வேறு ஒருவன். இருபது வயதுகூட இராது. பிளாஸ்டரைச் சுட்டி, கழற்றச் சொன்னான். கழற்றினேன். அவன் குனிந்து பார்த்தான்.

"மே மொகக்த, மல்லி?" இது என்ன, தம்பி என்று.

ரெஜிக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் விரல் எதைக் காட்டியதோ அதைப் பற்றி அவனுக்குச் சந்தேகம் இல்லை. "பூனை. பெரிய பூனை" என்றான், பெருமையோடு.

ஆமிக்காரன் என்னைப் பார்த்தான். கந்தோரில் சம்பள உயர்வுக்காகச் சிங்களம் பாஸ்பண்ண இரண்டு தரம் தவறி மூன்றாம் தரம் தேறியவன் நான். பேச்சில் சொல்லும் சொல் எனக்கு வரவில்லை. சோதனைப் புத்தகத்துச் சொல்தான் வந்தது. "லொக்கு பளலெக்" என்றேன், பெரிய பூனை என்று.

"லொக்கு பளலெக்" என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். மறுபடி கையைப் பார்த்தான். பிறகு பிளாஸ்டரை இழுத்து மூடித் தன் பெருவிரலால் ஓரங்களை அழுத்திவிட்டு, "அத்த ஹோதகண்ட" என்றான். கையைக் கழுவிக்கொள். எனக்குச் சொல்லவில்லை, பிள்ளைக்குத்தான் சொன்னான். அவன் கண்டானா, காணாததுபோல் விட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதையெல்லாம் ஜெனிக்கு எப்படிச் சொல்வது? "மீன் எடன். கப்பல் இருக்கு, வண்ணாத்திப்பூச்சி இருக்கு" என்றேன். அவள் அழவில்லை. தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"விலாசம் இருக்கு, திகதி இருக்கு. இன்னும் என்ன ஐயா பிழை?" என்றான் கடைக்காரன்.

வவுனியாவில் வேலையிலிருந்த ரெஜிக்குப் போன் எடுத்தேன். சாயத்தைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "என்ன படம் அப்பா?" என்றான். நான் சொல்லவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது.

"பூனையோ?"

"ஓம்."

"எனக்கு அந்த மருதோண்டி மணம் மட்டும்தான் ஞாபகம். நீங்கள் பயந்ததுகூட ஞாபகம் இல்ல. ஒன்பது வயசு வரைக்கும் நான் அதைப் பூனையெண்டு சொல்லி வகுப்பில எல்லாரும் சிரிச்சவங்கள். அவளுக்காவது பேரைச் சொல்லி வாங்கிக் குடுங்கோ."

நான் போனைப் பைக்குள் வைத்தேன். "தம்பி, புலி ஒண்டு தாரும்" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வாசலில் சைக்கிளை எடுக்க வந்தவன்கூடத் திரும்பவில்லை.

ஒரு தாளில் பத்துப் புலி. ஜெனிக்கு ஒட்டுமுன் ஒன்றை என் கையில் ஒட்டிப் பார்த்தேன். ஒரு நாள் முழுக்கக் கடியோ சிவப்போ இல்லை. ஞாயிறு பூசைக்கு முழுக்கைச் சட்டை போட்டு, கைப்பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனேன். பின்னேரம் மற்ற ஒன்பதும் ஒன்பது பிள்ளைகளுக்குப் போக, ஜெனிக்கு மிஞ்சவில்லை. அழப் பார்த்தவளுக்கு இன்னொரு தாள் வாங்கி வந்தேன்.

பாலத்தடி முகாம் இப்போது இல்லை. மண்மூட்டைகள், இரண்டு வரிசை, பஸ்ஸை விட்டு இறங்கி நடப்பது, ஒன்றும் இல்லை. ராத்தாவும் இல்லை, அந்தக் கல்யாணத்துக்குச் சில வருடம் கழித்து புலிகள் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னதில், அவருடைய ஊர் ஆட்கள் எல்லோரும் கையில் அகப்பட்டதோடு புறப்பட வேண்டி வந்தது. திரும்பி வந்தவர்களிடம் விசாரித்தேன். பெயர் தெரியாமல் யாரைக் கேட்பது? மருதோண்டிப் பேணியோடு பஸ்ஸில் போன ராத்தா என்றால், "எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தானே போனவை" என்கிறார்கள்.

தாள் ஒன்று நூற்றிருபது ரூபாய்ப்படி இரண்டு. கழற்றுவதற்கென்று வாங்கிய தேங்காயெண்ணெய்ப் போத்தல் முந்நூற்று நாற்பது; அதை இன்னும் திறக்கவில்லை. மொத்தம் ஐந்நூற்று எண்பது ரூபாய்.