தோள்வலி என்று நினைத்தேன்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டும்.

என் மருமகள் செல்வி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறாள். ஒரு மாதம் அவளுக்கு நாள் தள்ளிப்போய், லேசாக ரத்தம் பட்டது. மாதாமாதம் வரும் தூரம்தான் என்று நினைத்து வெந்தயம் கொடுத்தேன்.

மறுநாள், “அத்தே, அடிவயிறு ஒரு பக்கமா இழுக்கி, தோளும் வலிக்கி” என்றாள்.

“நாள் முழுக்கக் குச்சி அடுக்குனா வலிக்காம இனிக்குமாட்டி?” என்று தைலம் தேய்த்தேன்.

அப்போது வீடு வீடாக வரும் நர்ஸம்மா வந்தார். செல்வியின் வெளுத்த முகத்தைப் பார்த்து, “நாள் தள்ளிச்சா?” என்று கேட்டார். மகன் பக்கத்தில் நின்றதால் எனக்கு வாய் வரவில்லை. செல்விதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

“இது தூரமில்ல ஆச்சி! கரு கர்ப்பப்பைக்கு வராம குழாயிலயே தங்கியிருக்கும்போல. ஆட்டோ கூப்பிடுங்க!”

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் தோளில் வலி காட்டுமாம். கரு போய்விட்டது, செல்வி பிழைத்தாள்.

“நான் வேலைக்குப் போனதாலயா?” என்று அழுதாள். “உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா” என்றார் டாக்டரம்மா. அந்த வார்த்தைக்கும் நர்ஸம்மாவுக்கும் தினமும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இப்போதெல்லாம் எந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளி ரத்தம் பட்டதென்றாலும் கைமருந்து சொல்வதில்லை. ஆண்கள் இருந்தாலும் நாள் கணக்கைக் கேட்டு, ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன்.